பிள்ளையைக் கிள்ளும் கையும் தொட்டிலை ஆட்டும் கையும்

சென்ற மாதம் ஒரு வழக்கு விஷயமாகத் திருச்செந்தூருக்குப் போயிருந்தோம். கோர்ட்டு அலுவல் நடுப்பகலுக்குள் முடிந்துவிட்டபடியால், தெற்கே சிறிது தொலைவிலுள்ள ஆலந்தலைக்குச் சென்று நண்பர் சிலரைக் கண்டு வரலாமென்று புறப்பட்டோம். ஆலந்தலை பெரிய பட்டணமன்று. கடலை நோக்கிய கோயில், மணலில் ஏற்றி வைத்த நாட்டுப் படகுகள், நிழல் கண்ட இடத்தில் அமர்ந்து வலை பொத்தும் முதியோர், காண்பதற்கு இவ்வளவே. ஆயினும் முத்துக்குளித்துறையென்று சரித்திரத்தில் பேர் பெற்ற கரையின் ஒரு துண்டு அது. 1530களில் பரதவர் போர்த்துகீசியரின் துணையை நாடி ஞானஸ்நானம் பெற்றதும், 1542ல் வந்த சவேரியார் ஊர் ஊராய்க் கால்நடையாக நடந்ததும் இக்கரையில்தான். போர்த்துகீசியரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராய் வந்து வரி வாங்கிக்கொண்டு போனதும் இக்கரையில்தான்.

அங்கே ஒரு பெரியவர் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, கடலுக்குப் போகும்போதும் எங்களைச் சோதிக்கிறார்கள், திரும்பும்போதும் சோதிக்கிறார்கள். ஐஸ் பெட்டியைத் திறந்து மீனைக் கொட்டிவிட்டுப் பொட்டலம் எங்கே என்கிறார்கள். சோதிக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. சாயங்காலம் எங்கள் பிள்ளைகள் பங்குக் காசோடு ஏறுகிற கடை இருக்கிறதே, அதை யார் சோதிக்கிறது?"

சோதித்தவர் எந்த இலாகாவினர் என்பதை நாம் எழுதப் போவதில்லை. அவர்கள் மேலிடத்து உத்தரவைச் செய்கிறவர்கள். 'ஐஸ்' என்ற சொல்லுக்கே இக்காலத்தில் ஒரு கொடிய போதைப் பொருள் என்ற அர்த்தம் ஏறிவிட்டதால், மீன் கெடாமலிருக்க வைத்த பெட்டியும் சந்தேகத்துக்கு ஆளாகிறது போலும். வக்கீல் என்றால் எக்கேள்விக்கும் ஒரு பதில் வைத்திருப்பவர் என்று பேர். அன்று நமக்குப் பதில் தோன்றவில்லை. ஊர் திரும்பிய பின் தோன்றியதை இங்கு எழுதுகிறோம்.

கடத்தலே இல்லையென்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பொய்யாகும். 2020ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் தூத்துக்குடிக்குத் தெற்கே கடலில் இலங்கைப் படகொன்றை இந்தியக் கடலோரக் காவல் படையினர் மடக்கி, சுமார் 100 கிலோ ஹெராயினையும் ஐந்து கைத்துப்பாக்கிகளையும் கைப்பற்றினர். சரக்கு கராச்சிப் பக்கத்திலிருந்து வந்ததாகவே அப்போது தெரிவிக்கப்பட்டது. ஐந்து மாதங்கூடச் செல்லவில்லை. 2021 ஏப்ரலில் நமது சிதம்பரனார் துறைமுகத்தில், மரக்கட்டைகள் என்று சீட்டு ஒட்டி வந்த கொள்கலத்தில் 303 கிலோ கொகெயின் அகப்பட்டது. அவ்வருஷம் செப்டம்பரில் குஜராத்திலுள்ள முந்த்ரா துறைமுகத்தில் வெளிப்பட்டதோ கிலோக் கணக்கன்று, டன் கணக்கு: ஏறத்தாழ 3,000 கிலோ ஆப்கானிஸ்தானத்து ஹெராயின், முகப்பூச்சு மாவுக்கான கல் என்ற பேரில்.

இவற்றில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. ஒன்று அயல்நாட்டு மரக்கலம். மற்ற இரண்டும் முத்திரையிட்ட இரும்புக் கொள்கலங்கள். ரசீது, பில், சுங்கச் சீட்டு எல்லாம் முறைப்படி வைத்துக்கொண்டு பெரிய வாசல் வழியாக வந்தவை. ஆலந்தலை வள்ளக்காரனுடைய மீன்பெட்டியிலிருந்து 3,000 கிலோவை எவரும் எடுத்ததில்லை. ஆயினும் மணலில் நின்று கையை உயர்த்திக் காட்டுகிறவன் அவனே. பீடி இலை மூட்டையோ மஞ்சள் மூட்டையோ இலங்கைக்குப் போகிறதென்றால் அது வேறு விஷயம். அக்கரையில் விலை ஏறினால் இக்கரையில் மூட்டை கட்டுகிறவன் எக்காலத்திலும் இருந்திருக்கிறான். அதையும் ஹெராயினையும் ஒரே தராசில் வைத்து, அந்தத் தராசைக் கடற்கரை ஜனங்கள் எல்லோருடைய தலையிலும் தூக்கி வைப்பதையே நாம் ஆட்சேபிக்கிறோம்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1985ஆம் வருஷத்துப் போதைமருந்துச் சட்டம் சாதாரணச் சட்டமன்று. மற்றக் குற்றங்களில் குற்றத்தை ருஜுப்பிக்க வேண்டியது சர்க்கார் தரப்பு. இச்சட்டத்திலோ பொருள் கையிலிருந்ததென்று காட்டிவிட்டால், நான் அறியாமல் வைத்திருந்தேன் என்று ருஜுப்பிக்கும் பாரம் எதிரியின் தலையில் விழுகிறது. 35ஆவது, 54ஆவது பிரிவுகளைப் படித்தவர் இதை அறிவர். வியாபார அளவு என்று சொல்லப்படுவதைத் தாண்டினால் 37ஆவது பிரிவின்படி ஜாமீன் குதிரைக் கொம்பு. போதாக்குறைக்கு, விசாரணை உத்தியோகஸ்தர் முன்னிலையில் வாங்கிய வாக்குமூலத்தையே ஒப்புதலாகக் கொண்டு தண்டித்த வழக்குகள் எத்தனையோ. தமிழ்நாட்டிலிருந்து சென்ற தோபான் சிங் வழக்கில், 2020 அக்டோபர் 29ல்தான் சுப்ரீம் கோர்ட்டு அத்தகைய வாக்குமூலம் செல்லாதென்று தீர்மானித்தது. அதுவும் மூன்று நீதிபதிகளில் இருவருடைய அபிப்பிராயத்தால். சட்டம் பிறந்து முப்பத்தைந்து வருஷங்களுக்குப் பிறகு! இடையில் சிறையிலிருந்தவர்கள் யார்? கொள்கலத்தின் சொந்தக்காரரா? மூட்டை தூக்கியவரும் லாரி ஓட்டியவருமே அவர்களில் மிகப் பலர் என்பது கோர்ட்டு வாசலில் நிற்கும் எவருக்கும் தெரியும்.

நிற்க. இக்கரைக்கு சர்க்கார் எந்நாளும் இரண்டு வேஷத்தில் வந்திருக்கிறது. காவல்காரன் வேஷம் ஒன்று, கடைக்காரன் வேஷம் ஒன்று. முத்து எடுக்கக் கடலில் மூச்சடக்கி மூழ்கியவன் பரதவன். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலேய சர்க்காருக்கு, ஒரு பங்கு மூழ்கியவனுக்கு. சங்கும் அவ்வாறே சர்க்கார் சொத்து. உப்பு, கடலும் வெயிலும் சும்மா கொடுப்பது; அதை அள்ளினால் குற்றம், சர்க்காரிடம் வாங்கினால் நியாயம். முத்துச்சலாபம் 1961க்குப் பின் நின்று போயிற்று, உப்புவரியும் போயிற்று. ஆனால் அந்த இரட்டை வேஷம் போகவில்லை. அதன் மூலத்தைக் காண வேண்டுமானால் அபினியின் சரித்திரத்தைப் பார்க்க வேண்டும்.

1773ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்து அபினியைக் கம்பெனியின் ஏகபோகமாக்கினார். பீகாரிலும் காசிப் பிரதேசத்திலும் குடியானவர்களுக்கு முன்பணம் கொடுத்துக் கசகசாச் செடியைப் பயிரிடச் செய்து, விளைந்ததைக் கம்பெனி வைத்த விலைக்கு வாங்கி, கல்கத்தாவில் ஏலம் போட்டார்கள். சீனத்திலோ 1729 முதலே அபினி புகைப்பதற்குத் தடை. 1799ல் தடை இன்னும் கடுமையாயிற்று. அப்பொழுது கம்பெனி கையாண்ட தந்திரத்தை நமது நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கம்பெனியின் சொந்தக் கப்பல்களில் ஒரு பெட்டி அபினிகூட ஏறலாகாது என்று உத்தரவு! ஏனெனில் காண்டனில் தேயிலை வியாபாரம் கெடக்கூடாது. ஏலத்தில் எடுத்த தனி வியாபாரிகள் தங்கள் கப்பலில் ஏற்றிச் சென்று சீனக் கரையோரம் கள்ளத்தனமாக இறக்குவார்கள். கேட்டால், "அது தனியார் செய்கை, எமக்குத் தெரியாது" என்று கம்பெனி கையைக் கழுவிக்கொள்ளும். ஏலப் பணம் மாத்திரம் கம்பெனிக் கஜானாவில் சேரும். இக்காலத்தில் அயல்நாட்டு உளவு இலாகாக்கள் "எமக்குச் சம்பந்தமில்லை" என்று சொல்லத்தக்க விதமாகக் காரியம் செய்கின்றனவே, அந்த வித்தைக்கு ஆதிகுரு நமது கிழக்கிந்தியக் கம்பெனியே என்பது நமது துணிபு.

1839ல் சீன அதிகாரி லின் என்பவர் 20,000க்கு மேற்பட்ட பெட்டிகளைக் கைப்பற்றி அழித்தார். தன் நாட்டுச் சட்டத்தைத் தன் நாட்டில் அமல் செய்ததைத் தவிர அவர் செய்த குற்றம் யாதொன்றுமில்லை. அதற்கு விடையாக வந்தது யுத்தக் கப்பல். அந்தக் கப்பல்களில் சென்றவர்களில் சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய்களும் இருந்தார்கள் என்பது நமக்கு வெட்கந் தரும் விஷயம். 1842ஆம் வருஷத்து நான்கிங் உடன்படிக்கையில் ஹாங்காங் போயிற்று. 210 லட்சம் வெள்ளி டாலர் தண்டம், அதில் 60 லட்சம் அழிந்த அபினிக்கு ஈடு. உடன்படிக்கையில் அபினியை அனுமதிக்க வேண்டுமென்று ஒரு ஷரத்தும் எழுதவில்லை. எழுதினால் பார்லிமெண்டில் பாதிரிமார் கேட்பார்களல்லவா? இரண்டாவது யுத்தமும் நடத்தி, 1858ல் இறக்குமதிச் சுங்கப் பட்டியலில் அபினிக்கு ஒரு வரி விகிதம் எழுதி வாங்கினார்கள். கள்ளச் சரக்கு நல்ல சரக்காயிற்று. 1880 வாக்கில் பிரிட்டிஷ் இந்தியாவின் வருமானத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு அபினிப் பணம்.

இங்கிலாந்தில் மனச்சாட்சியுள்ளவர்கள் இல்லாமலில்லை. 1891ல் காமன்ஸ் சபை, அபினி வருமானம் தர்மத்துக்கு விரோதமானதென்ற தீர்மானத்தை ஆதரித்து வோட்டுப் போட்டது. பிறகு நடந்ததே வேடிக்கை. 1840ல் இளம் அங்கத்தினராக நின்று அபினி யுத்தத்தை அநியாய யுத்தமென்று கண்டித்த கிளாட்ஸ்டன், 1893ல் பிரதம மந்திரியாக இருந்து ஒரு ராயல் கமிஷனை நியமித்தார். நூற்றுக்கணக்கான சாட்சிகளை விசாரித்து, 1895ல் அக்கமிஷன் வெளியிட்ட முடிவு, அபினியால் பெருந்தீமை இல்லை, வழக்கத்தைத் தடுக்க வேண்டியதுமில்லை என்பதே. ஹென்றி வில்சன் என்ற அங்கத்தினர் மட்டும் மாறுபட்டு எழுதினார். ஒரு கேட்டை ஒழிக்க மனமில்லாத சர்க்கார் அதை விசாரிக்க ஒரு கமிஷன் போடும் என்பது அன்று தொட்டு வரும் ஆசாரம். சீனத்துடன் 1907ல் ஒப்பந்தமாகி, படிப்படியாகக் குறைத்து, பிற நாடுகளுக்கு அனுப்புவதும் 1935ல்தான் முற்றும் நின்றது. அஸ்ஸாமில் காங்கிரஸார் 1920களில் ஊர் ஊராய்ச் சென்று அபினி விசாரணை நடத்தி அறிக்கை வெளியிட்டபோது, சி. எப். ஆண்ட்ரூஸ் அதற்குத் துணை நின்றார். அபினிக் கடையை மறியல் செய்தவர்களைச் சிறையிலிட்டவர்கள், அபினிக் கடைக்கு லைசென்ஸ் கொடுத்தவர்களே.

மலாயாவுக்குப் போன நமது ஜனங்களுடைய கதையும் இதைச் சேர்ந்ததே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூர், பினாங்கு முதலிய ஜலசந்திக் குடியேற்றங்களின் வருமானத்தில் பாதியளவு அபினியிலிருந்து வந்தது. சீனத் தொழிலாளிக்கு அபினி, தோட்டத்துத் தமிழனுக்குக் கள். காலையில் கொடுத்த கூலி மாலையில் சர்க்கார் பெட்டிக்குத் திரும்பி வந்துவிடும். என்ன சாமர்த்தியமான ஏற்பாடு!

வெள்ளைக்காரன் போனதும் இந்த நாடகம் முடிந்துவிட்டதென்று எண்ணினால் அது தவறு. மேடை மாறியது, வேஷதாரி மாறினான். 1971 ஜூனில் அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன், போதைப் பழக்கமே தேசத்தின் முதல் விரோதி என்று முழக்கமிட்டார். அதே காலத்தில் லாவோஸில் அமெரிக்க உளவு இலாகாவான சி.ஐ.ஏ. நடத்திய ரகசிய யுத்தத்தில் அதன் கூட்டாளிகளாக இருந்த படைத்தலைவர்கள் அபினி வியாபாரிகள். அந்த மலைகளிலிருந்து வந்த ஹெராயின் வியட்நாமிலிருந்த அமெரிக்கச் சிப்பாய்களையே பற்றிக்கொண்டது. இதை ஆராய்ந்து ஆல்பிரட் மக்காய் என்ற வாலிபர் 1972ல் ஒரு புத்தகம் வெளியிட முயன்றபோது, அச்சேறுமுன் கையெழுத்துப் பிரதியைத் தாங்கள் பார்க்க வேண்டுமென்று அந்த இலாகா பிரசுரகர்த்தர்களை நெருக்கியது. புத்தகம் எப்படியோ வெளிவந்தது.

1980களில் ஜனாதிபதி ரீகனுடைய மனைவியார் பள்ளிக்கூடந்தோறும் சென்று, போதையை வேண்டாமென்று சொல்லுங்கள் என்று பிள்ளைகளுக்கு உபதேசித்தார். நல்ல உபதேசந்தான். கணவருடைய சர்க்காரோ நிகராகுவாவில் கலகக்காரரான கான்ட்ராக்களுக்கு மறைமுகமாக ஒத்தாசை செய்துகொண்டிருந்தது. செனட்டர் கெர்ரி தலைமையில் விசாரித்த கமிட்டி 1989ல் வெளியிட்ட அறிக்கையில், அந்தக் கலகக்காரருக்குச் சாமான் கொண்டுபோகப் போதை வியாபாரிகள் நடத்திய நான்கு கம்பெனிகளுக்கு அமெரிக்க அயல்நாட்டு இலாகா 8,06,000 டாலருக்கு மேல் பணம் கொடுத்திருந்ததென்று கண்டது. பனாமாவின் நொரீகா பல வருஷம் அந்த உளவு இலாகாவின் படிப்பணம் வாங்கியவர். அவர் சொற்கேட்ட வரையில் நண்பர். கேளாதபோது போதைக் கடத்தல்காரர். 1989 டிசம்பரில் படையெடுத்துச் சென்று அவரைப் பிடித்து மயாமி கோர்ட்டில் நிறுத்தினார்கள்.

நமக்கு நெருங்கிய விஷயம் ஆப்கானிஸ்தானம். ருஷ்யரை எதிர்க்க அமெரிக்கர் பாகிஸ்தானத்தின் மூலம் ஆயுதம் அனுப்பிய அந்தப் பத்து வருஷத்தில்தான், அவ்வெல்லைப் பிரதேசம் உலகத்தின் பெரிய ஹெராயின் களஞ்சியமாயிற்று. ஆயுதம் போன வழியில் அபினி திரும்பியதைக் காண வேண்டிய கண்கள் காணவில்லை. பின்னர் 2001 முதல் இருபது வருஷம் அமெரிக்கப் படையே அங்கு இருந்தது. போதை ஒழிப்புக்கென்று 2017 வரையில் 860 கோடி டாலர் வரையில் செலவிட்டதாக அவர்களுடைய தணிக்கையாளரே கணக்குக் கூறுகிறார். பலன் யாது? அதே 2017ல் ஆப்கானிஸ்தானத்து அபினி விளைச்சல் 9,000 டன். ஐக்கிய நாட்டு ஸ்தாபனம் அதுவரையில் கண்ட கணக்கில் அதுவே உச்சம். 2022ல் தாலிபான்கள் தடை போட்டார்கள். மறு வருஷம் பயிர் நிலம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குறைந்தது. தாலிபான்களை நாம் புகழவில்லை. பெண்களைப் பள்ளிக்கூடத்துக்கு விடாதவர்களைப் புகழ நம்மிடம் சொல் இல்லை. குடியானவன் வயிற்றுக்கு வேறு வழி காட்டாமல் போட்ட தடை என்பதும் உண்மை. இங்கே சொல்ல வந்தது, முடியாதென்று இருபது வருஷம் சொன்னவர்களுடைய சொல்லின் மதிப்பைப் பற்றி மட்டுமே.

தூத்துக்குடிக்குத் தெற்கே பிடிபட்ட அந்த 100 கிலோவுக்கும் ஆலந்தலைப் பெரியவரின் மீன்பெட்டிக்கும் நடுவில் இருப்பது இந்தச் சரித்திரந்தான். வாஷிங்டனிலும் இஸ்லாமாபாத்திலும் கதவைச் சாத்திக்கொண்டு செய்த முடிவுகள் அரபிக்கடலைச் சுற்றி, குமரிமுனையைத் தாண்டி, மன்னார் குடாவில் வந்து ஒதுங்குகின்றன. அங்கே கணக்குக் கேட்கப்படுகிறவன் வள்ளக்காரன்.

பிறரைச் சொல்லிவிட்டு நம் தேசத்தைச் சொல்லாமல் விடுவது தேசபக்தியாகாது. 1983க்குப் பின் சில வருஷங்கள் பாக் ஜலசந்தியில் இரவுதோறும் படகுகள் போய் வந்தன. இலங்கைத் தமிழ் இளைஞர்களின் இயக்கங்களுக்கு நமது தேசத்து உளவு ஸ்தாபனம் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது. வடக்கே தேராதூன் பக்கத்திலும் தமிழ்நாட்டிலும் முகாம்கள் நடந்தன. டில்லி சர்க்கார் அப்போது உலகத்தின் முன் இல்லையென்று சாதித்தது. 1997ல் வெளியான ஜெயின் கமிஷன் இடைக்கால அறிக்கை அவற்றையெல்லாம் விரித்துச் சொல்லிவிட்டது. அக்கரைத் தமிழர் பட்ட துன்பத்தில் நமது நெஞ்சம் கொதித்ததும், உதவி வேண்டியிருந்ததும் வேறு விஷயம். அதை நாம் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் கள்ளக் கடத்தலுக்கென்று 1974ல் விசாரணையின்றிக் காவலில் வைக்கும் சட்டம் செய்த அதே சர்க்கார், அதே கரையில், சில படகுகளுக்கு விளக்கை அணைத்துக் கொடுத்தது என்பதை மறைக்க இயலாது. 1987 ஜூலையில் ஒப்பந்தம் ஆனதும் விளக்கை மறுபடி ஏற்றினார்கள். அணைத்த காலத்தில் பழகிய வழிகளை எல்லோரும் மறந்துவிடுவார்களா? இன்று சந்தேகத்தின் பேரில் நிறுத்தப்படும் மீனவ வாலிபன் அப்போது பிறந்திருக்கவுமில்லை.

இப்பொழுது பெரியவருடைய கேள்விக்கு வருவோம். கடையைச் சோதிப்பது யார்?

நமது அரசியல் சட்டத்தின் 47ஆவது ஷரத்தில், மயக்கந்தரும் பானங்களும் உடலுக்குக் கேடான போதைப் பொருள்களும் ஒரே வாக்கியத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. மருந்துக்கன்றி இரண்டையும் விலக்க முயல்வது ராஜ்யத்தின் கடமை என்கிறது அது. வாக்கியத்தின் பின்பாதிக்குச் சிறைச்சாலை கட்டினார்கள். முன்பாதிக்குக் கடை கட்டினார்கள். 1937 அக்டோபர் 1ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். அதனால் இழந்த வரும்படியை ஈடு செய்ய 1939ல் விற்பனை வரி வந்தது. யுத்த காலத்தில் ஆலோசகர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தியது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் 1948ல் மாகாணம் முழுவதற்கும் அதை விரித்தார். 1971ல் தளர்த்தினார்கள், 1974ல் மறுபடி இறுக்கினார்கள், 1981ல் மறுபடி தளர்த்தினார்கள். 1983ல் டாஸ்மாக் என்ற சர்க்கார் கழகம் மொத்த வியாபாரத்துக்குப் பிறந்து, 2003 நவம்பரில் சில்லறைக் கடையையும் எடுத்துக்கொண்டது. மதுவிலக்குக்காக வந்த விற்பனை வரி மட்டும் போகவேயில்லை என்பதை நேயர்கள் கவனிப்பார்களாக. மதுவிலக்கு போயிற்று, அதற்கு ஈடாக வந்த வரி தங்கிற்று, மதுவின் வரியும் அதன்மேல் ஏறிற்று!

இதில் சட்டம் படித்தவருக்கு மட்டும் புலப்படும் ஒரு ரசமான அம்சம் உண்டு. 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் ரத்தாகவேயில்லை. அந்தச் சட்டத்தின் கீழ் செய்த விதிகளின்படியே இத்தனை கடைகளும் நடத்தப்பட்டு வந்திருக்கின்றன. விற்பதற்கு அதிகாரம் தருவது விலக்குச் சட்டம். மேற்பார்க்கும் இலாகாவின் பேர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. 2023-24ல் அந்த வழியில் வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். 2024-25ல் 48,344 கோடி. வாரன் ஹேஸ்டிங்ஸ் கேட்டால் பொறாமைப்படுவார்.

2022 ஆகஸ்டு 11ல் போதைப்பொருள் இல்லாத தமிழ்நாடு என்ற பிரசாரத்தைச் சென்னையில் தொடங்கிவைத்து, மாணவர்களைப் பிரதிக்ஞை எடுக்கச் செய்தார்கள். பிரதிக்ஞையில் குறையில்லை, கஞ்சாவும் மாத்திரையும் ஊசியும் நமது வாலிபர்களைத் தின்பது பிரத்தியட்சம். ஆனால் பிரதிக்ஞை எடுத்த பையன் வீட்டுக்குத் திரும்பும் தெருவில் சர்க்கார் போர்டு தொங்குகிறது. அவன் தகப்பனார் அங்கே நிற்கிறார். பையன் எதை நம்புவான்? இதை ஒரு கட்சியின் மேல் ஏற்றிவிட்டு மற்றக் கட்சி தப்பித்துக்கொள்ள நாம் இடங்கொடோம். 1981 முதல் எந்தக் கட்சி சிம்மாசனத்திலிருந்தாலும் கல்லாப்பெட்டி ஒன்றே. எதிர்க்கட்சியாயிருக்கையில் மதுவிலக்கு, ஆளுங்கட்சியாயிருக்கையில் வருமானம்.

கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்பது சர்க்கார் தரப்பில் எப்போதும் சொல்லப்படும் சமாதானம். அதில் உண்மையே இல்லையென்று நாம் வாதிக்கவில்லை. மதுவிலக்குள்ள குஜராத்தில் 2022ல் பொட்டாட் பக்கத்தில் நாற்பதுக்கு மேற்பட்டோர் விஷச் சாராயத்தால் மடிந்தனர். ஆனால் கடை திறந்திருந்த நமது நாட்டில் நடந்தது என்ன? 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்ற மீனவக் குப்பத்திலும் செங்கல்பட்டு ஜில்லாவிலுமாக இருபதுக்கு மேற்பட்டோர் மெத்தனால் குடித்து மாண்டனர். மறு வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கு மேல். டாஸ்மாக் விலைக்குக் கட்டாதவன் கள்ளச்சாராயத்துக்குப் போனான். ஆகவே, கடை திறந்திருப்பது உயிரைக் காக்கிறதென்ற வாதமும் நிற்கவில்லை. ஒரே இரவில் மூடினால் சுவர்க்கம் வருமென்ற வாதமும் நிற்கவில்லை. நமது ஆட்சேபம், உண்மையான காரணத்தைச் சொல்லாததைப் பற்றியது. கஜானாவுக்குப் பணம் வேண்டும், வேறு வழி தேட எமக்குத் தைரியமில்லை என்று மந்திரிகள் வெளிப்படையாகச் சட்டசபையில் சொல்வார்களானால் வாதாட ஓர் இடமிருக்கும்.

சொல்லமாட்டார்கள். சொன்னவர்களுக்கு நேர்ந்ததையும் பார்த்தோம். காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31ல் குமரி ஜில்லாவில், ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிச் செல்போன் கோபுரத்தின்மேல் ஏறி நின்று, அப்போராட்டத்தில் உயிர் நீத்தார். அவ்வருஷம் அக்டோபரில் பாடகர் கோவன், டாஸ்மாக்கை மூடு என்று பாடியதற்காக ராஜத்துரோகக் குற்றத்தின் பேரில் கைதியானார். 124-ஏ பிரிவு! தூத்துக்குடி ஜனங்களுக்கு இந்த எண்ணை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1908ல் சிதம்பரம் பிள்ளையை, இதே கரையிலிருந்து சுதேசிக் கப்பல் விட்டவரை, நீதிபதி பின்ஹே எந்தப் பிரிவின் கீழ்த் தண்டித்தாரோ அதே பிரிவு. அன்று அந்நிய சர்க்காரின் கப்பல் வியாபாரத்துக்குப் போட்டி செய்தது துரோகம். 2015ல் சுதேச சர்க்காரின் சாராய வியாபாரத்தை வேண்டாமென்றது துரோகம்.

நெடுஞ்சாலைக் கடைகளைப் பற்றிய சங்கதியும் ஞாபகத்துக்கு வருகிறது. 2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, தமிழ்நாட்டு வழக்கொன்றை ஒட்டி, நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்று உத்தரவிட்டது. பல ராஜ்யங்களில் சர்க்கார்கள் என்ன செய்தன? கடையை நகர்த்தச் சோம்பல்பட்டு, சாலையின் பேரை மாற்றலாயின. நேற்று வரை நெடுஞ்சாலை. இன்று முதல் நகரசபைத் தெரு. கம்பெனிக் கப்பலில் ஏற்றாமல் தனியார் கப்பலில் ஏற்றியதற்கும் இதற்கும் புத்தி நுட்பத்தில் வித்தியாசம் அதிகமில்லை.

அரசியல் ஊழியத்தில் ஈடுபட்ட நமது நேயர்களுக்கு ஒரு வேலை சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு என்று வருஷந்தோறும் சட்டசபையில் ஒரு சிறு புத்தகம் வைக்கிறார்கள். அதைத் தேடி எடுங்கள். விற்பனையால் வந்த தொகை ஒரு பக்கத்தில் இருக்கும். குடியின் தீமையை விளக்கும் பிரசாரத்துக்கும், குடியை விட்டவரைக் கரையேற்றவும் ஒதுக்கிய தொகை சில பக்கங்கள் தள்ளி இருக்கும். இரண்டையும் பெரிய எழுத்தில் ஒரே தாளில் எழுதி, வோட்டுக் கேட்டு வருகிறவர் எக்கட்சியினராயினும் அவர் கையில் கொடுங்கள். தூத்துக்குடி ஜில்லாவில் முதல் தாளை ஆலந்தலைப் பெரியவருக்கு நாமே அனுப்பியிருக்கிறோம். படகைச் சோதிக்க அடுத்த முறை வருகிறவர்களிடம் காட்டுவதாகப் பதில் சொல்லியனுப்பியிருக்கிறார்.